கையை விட்டாலும் விழாது

“விடுங்க அண்ணி! கைப்பிடியை விட்டுடுங்க!”

விடுவதாவது!

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைச் சுற்றி இழுக்கிற விஞ்சின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள். பாய்மரம் பாதி உயரத்தில், ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று சண்டித்தனம் செய்துகொண்டு நின்றது. நாலு ஆள் நீளம். வெறும் அலுமினியக் குழாய்தானே என்று அலட்சியமாகச் சொல்லலாம். கம்பிகளும் கப்பிகளும் சேர்ந்து அது தலைக்கு வரும்போது அப்படிச் சொல்ல ஆள் இருக்காது.

நடந்தது இதுதான். மரம் மேலே ஏறும்போது கூடவே ஏற வேண்டிய பக்கவாட்டுக் கம்பி, படகின் ஓரத்தில் கயிறு கட்டுகிற கொம்பில் போய் மாட்டிக்கொண்டுவிட்டது. இன்னும் அரைச் சுற்று சுற்றினால் கம்பி அறும். சுற்றாமல் விட்டால் மரம் விழும். கொம்பு இருந்தது நாலே எட்டில். போய் எடுத்துவிட ஒரு கை வேண்டும். கடவுள் கொடுத்த இரண்டும் கைப்பிடியில் இருந்தன.

“விட்டா விழுந்துரும்யா!” என்று கத்தினாள்.

“விழாது அண்ணி!”

“நீ பாத்தியா?”

துறைப் பலகையில் நின்றிருந்த வெல்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு பொசுக்கென்று மூடிக்கொண்டான்.

அந்த வாய் பாதியில் மூடியது படகுத்துறையின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. இரும்பையும் பத்தவைப்பான், இரண்டு பேர் நடுவிலும் பத்தவைப்பான் என்று துறையில் எல்லாருமாகச் சேர்ந்து அவனுக்கு வைத்திருந்த பெயரே பத்தவைப்பு. எந்தப் படகில் என்ன ஓட்டை, எந்த வீட்டில் என்ன சண்டை, எல்லாம் அவன் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும்.

“நான் வந்து கம்பியை எடுத்துவிடறேன், இருங்க!”

“வராத! நீ குதிச்சா படகு சாயும்! சாஞ்சா மரமும் சாயும்!”

அதுவும் நிஜம். பத்தவைப்பின் உடம்பு அப்படி. அவன் பலகை விளிம்பில் ஒரு காலைத் தூக்கியபடி, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தான்.

காலையிலேயே அவன் கேட்டான். “நான் கூட நிக்கறேனே அண்ணி?” அவள்தான் வெடுக்கென்று சொன்னாள்: “எதுக்கு? ஒத்தை ஆளு ஏத்தற மெஷின்தானே? உங்க அண்ணன் அதுக்குத்தானே செஞ்சாரு? நானும் ஒத்தை ஆளுதான் இப்ப.”

அவன் பலகையிலேயே நின்றுகொண்டான்.

நாலு மணிக்குப் பல் டாக்டர் ஒருவர் படகைப் பார்க்க வருகிறார். மரம் நட்டுக்க நிற்க வேண்டும், பாயைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் இன்றைக்கே கொண்டுபோய்விடுவார். போகட்டும். இந்தப் படகு அவள் கண்ணில் படாத இடத்துக்குப் போய்த் தொலையட்டும். ஆனால் போகும் முன் ஒரே ஒரு தடவை, இந்த மரத்தை அவள் கையை விடாமல் ஏற்றிவிட வேண்டும். அது மட்டும் போதும்.

ஏனென்றால், போன தடவை அவள் விட்டுவிட்டாள்.

*

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறவள். ஒருவர் மேலே கீழே போகிற சாமானோடும், மற்றவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகிற சாமானோடும் குடித்தனம் நடத்துகிறோம் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். வாராவாரம் ஞாயிறு இந்தச் சின்னப் பாய்ப்படகுதான் இருவருக்கும்.

படகு நிற்பது தகரக் கொட்டகைக்குள். உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால் பாய்மரத்தைப் பின்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தாக வேண்டும். வெளியே போக, மறுபடி தூக்கி நிறுத்த வேண்டும். இரண்டு ஆள் வேலை. முன்னால் நின்று கயிற்றை இழுப்பதும் விடுவதும் அவள். பின்னால் நின்று மரத்தைத் தோளில் தாங்குவது அவர். கல்யாணமான புதிதிலிருந்து அப்படித்தான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, நடுவில் மரம். கயிற்றின் இழுப்பை வைத்தே அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு. நல்ல காற்றில் போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். அவள் பாயைக் கழற்றி மடித்துப் பையில் போட்டுக் கட்டினாள். பிறகு முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்தாள். கயிறு ஈரம். மரம் பாதி சாய்ந்தபோது சரசரவென்று ஓட ஆரம்பித்தது. உள்ளங்கையில் நெருப்பை வைத்தது மாதிரி இருந்தது.

கையை விடு என்று அவள் கைக்குச் சொல்லவே இல்லை. கை தானாக விரிந்தது.

அந்தச் சத்தம் இன்றைக்கும் சில சமயம், கடையில் துணி உருளை கீழே விழும்போது, அவளுக்குக் கேட்கும். கேபினின் கூரை பிளந்தது. அவருடைய வலது தோளெலும்பு இரண்டாயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கை தோளுக்கு மேல் ஏறவே இல்லை. தலைக்கு மேல் செய்ய வேண்டிய வேலைகளையெல்லாம் கூட வேலை பார்ப்பவர்களிடம் கேட்டுச் செய்ய வேண்டிய நிலை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அவர் சொன்னது: “கால் வழுக்கிருச்சு சார்.”

வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திட்டு வாங்கிய தப்பு அன்றைக்கே தீர்ந்துபோகும். திட்டு வாங்காத தப்பு வீட்டில் இன்னொரு ஆளாகக் குடியேறி, சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்துகொள்ளும்.

கை ஓரளவு தேறியதும் அவர் பால்கனியில் குழாய் அறுக்க ஆரம்பித்தார். பழைய லிஃப்டிலிருந்து கழித்த பல்சக்கரம், கொண்டி, பிரேக் கட்டை என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தது. பிளந்த கூரைக்கு மேலே ஒரு இரும்புத் தகடு. அதைத் தாங்க உள்ளே ஒரு முட்டுக்கால். முன்னால் கவட்டை மாதிரி இரண்டு குழாய்கள். எல்லாவற்றுக்கும் ஒரு விஞ்ச்.

“என்ன செய்றீங்க?” என்று அவள் கேட்டாள்.

“மரத்தை ஒத்தை ஆளே ஏத்தி இறக்கற மாதிரி ஒண்ணு பண்றேன்.”

ஒத்தை ஆள்.

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். வேலைக்காரர் சரியில்லை என்றால் ஆளை மாற்றுவார்கள். இவர் ஆளையே வேண்டாம் என்று மெஷின் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறு வந்தால் அவர் சாப்பாட்டு டப்பாவோடு தனியாகக் கிளம்புவார். சாயங்காலம் முகம் கறுத்து, சட்டையெல்லாம் உப்பு வாடையோடு வருவார்.

“காத்து எப்படி?”

“நல்ல காத்து.”

அவ்வளவுதான் பேச்சு. ஒரு காலத்தில் அலை அலையாகச் சொல்லி மாளாதவர்.

ஒரே ஒரு தடவை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தயங்கி நின்றார். “இந்த வாரம் வர்றியா? ஒரு தடவை வந்து பாரேன்.”

அவள் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “ஒத்தை ஆளு போதும்னுதானே செஞ்சீங்க? ரெண்டாவது ஆளு எதுக்கு? வேடிக்கை பாக்கவா?”

அவர் திரும்பி உள்ளே வந்து, கீழே உருண்டிருந்த சாக்குக்கட்டித் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

“சரி” என்றார். போய்விட்டார்.

போன மாசம், ஏதோ ஒரு அலுவலகக் கட்டிடத்தில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, அதைச் சோதனை ஓட்டத்துக்கு விட்டுவிட்டு, படிக்கட்டு வழியாக இறங்கி வந்தவர், நடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அவர் அனுப்பிய லிஃப்ட் மட்டும் ஒழுங்காகக் கீழே வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றதாம்.

*

தூரத்தில் பயணிகள் படகு ஒன்று ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. அதன் அலை இந்தப் பக்கம் வருவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

“அண்ணி, அலை வருது! கையை விடுங்க, சொல்றதைக் கேளுங்க!”

“மாட்டேன்!”

“உங்க கை போயிரும்!”

“போகட்டும்!”

அலை வந்தது. படகை ஒரு தடவை தூக்கிப் போட்டது. தலைக்கு மேலே கம்பி வீணைத் தந்தி மாதிரி முறுக்கிக்கொண்டு அலறியது. விரல்கள் மரத்துப்போய்விட்டன. விடாதே, விடாதே, இன்னொரு தடவை விடாதே.

கை தானாக விரிந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு தோளைக் குறுக்கினாள். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

‘டக்.’

அவ்வளவுதான். விரல் அகலம் இறங்கி, மரம் நின்றுவிட்டது. ஆடவில்லை, அசையவில்லை. இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்திவைத்த லிஃப்ட் மாதிரி, சாய்ந்த வாக்கில் வானத்தில் நின்றது.

அவள் தன் இரண்டு வெறுங்கைகளையும் பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்தாள். மறுபடியும் கைகளைப் பார்த்தாள்.

“சொன்னேன்ல?” பத்தவைப்பு பெருமூச்சு விட்டான். “கைப்பிடியை விட்ட உடனே கொண்டி வந்து பல்லுல உக்காந்துக்கும். லிஃப்டு பிரேக் அண்ணி அது. கயிறே அறுந்தாலும் என் பெட்டி விழாதுடான்னு அண்ணன் பீத்திக்குவாரே.”

மனசு இளகப் பார்த்தது. அவள் விடவில்லை. “ஆமா. அவருக்குத்தான் கை வராதே. நடுவுல வலிச்சா விட்டுடணுமில்ல? அதான் யோசிச்சு வச்சிருக்காரு.”

பத்தவைப்பு தலையைச் சொறிந்தான். அவன் பேசாமலிருப்பது இன்றைக்கு இரண்டாவது தடவை.

அவள் போய்க் கம்பியைக் கொம்பிலிருந்து எடுத்துவிட்டாள். மறுபடி சுற்றினாள். இந்த முறை மரம் நல்ல பிள்ளையாக ஏறி, நேராக நின்றது. மரம் நழுவாமலிருக்க அடியில் இரும்பு ஊசியைச் செருகினாள்.

கைப்பிடி இடது பக்கம் இருந்தது. வலது தோள் போன மனிதர் வேறெங்கே வைப்பார்? அவளும் இடது கைக்காரிதான். கடையில் அவளுக்கென்று தனிக் கத்தரிக்கோல். அதனால் சுற்றுவதற்கு வாகாகவே இருந்தது. அந்த வாகும் எரிச்சலாக இருந்தது.

*

பல் டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நெட்டையான மனிதர். புத்தம்புதுக் கான்வாஸ் ஷூ. படகில் ஏறும்போதே கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, கழைக்கூத்து ஆடுபவர் மாதிரி ஏறினார்.

“பல்லைப் புடுங்கத்தாம்மா தெரியும். பாய்மரம் நடறதெல்லாம் பழக்கமில்லை. இதைத் தனி ஆளா ஏத்தலாம்னு சொன்னாங்களே, நிஜமா?”

“இப்ப நான்தான் ஏத்தினேன்.”

“நீங்களா!” அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். “பிரமாதம். யார் செஞ்சது?”

“என் வீட்டுக்காரர்.”

டாக்டர் விஞ்சின் பக்கத்தில் போய் நின்று கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். முதுகை வளைக்க வேண்டியிருந்தது. முழங்கால் கேபின் சுவரில் இடித்தது. “ஸ்ஸ்... நமக்குக் கொஞ்சம் பள்ளத்துல இருக்கே. சார் குள்ளமா?”

“இல்லையே. உங்க உயரம் இருப்பார்.”

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவள் காதிலேயே விழுந்தது.

“அப்ப எப்படி இவ்வளவு கீழே...” என்று டாக்டர் ஆரம்பிக்கும்போது, பலகையில் நின்ற பத்தவைப்பு திடீரென்று பயங்கரமாக இருமினான். டாக்டர் திரும்பினார். “தண்ணி குடிங்க. நெஞ்சு இருமலா?”

“இல்ல சார், சும்மா ஒரு இருமல்.”

“உக்காந்துக்கிட்டு சுத்துவாரோ என்னவோ” என்றாள் அவள். குரலில் முன்பிருந்த வேகம் இல்லை. “இருங்க, பாயை எடுத்துட்டு வரேன்.”

குனிந்து கேபினுக்குள் இறங்கினாள். ரெண்டு வருஷமாக அவள் கால் வைக்காத இடம். உட்கார இரண்டு பலகைகள்; இரண்டும் அப்படியே இருந்தன. நடுவில் கூரையைத் தாங்கிக்கொண்டு அந்த முட்டுக்கால். ஒரு அடி எடுத்து வைத்தவள் நெற்றியை அதில் போய் மோதிக்கொண்டாள்.

வலிக்கவில்லை.

அந்த இடத்தில் மட்டும் குழாயைச் சுற்றிப் பஞ்சுத் தகடு வைத்துத் தைத்திருந்தது. அவள் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த மிச்சத் துண்டு. கோணல்மாணல் தையல். துணி வெட்டுகிறவளுக்கு அளவெடுக்க டேப் வேண்டாம், கண்ணே போதும். இந்த உயரத்தில் அவருக்கு நெற்றி வராது. அவருக்கு இது நெஞ்சுக்கு வரும்.

அவள் அதை அவசரமாகத் தாண்டினாள்.

பாய்ப்பை மூலையில் கிடந்தது. வாயை நீல நிற நாடாவால் கட்டியிருந்தது. திரைச்சீலைக்கு அடிக்கிற நாடா. அவிழ்க்கக் கையை வைத்தவள், வைத்த கையை எடுக்கவில்லை.

இடது கைக்காரி போடுகிற முடிச்சு எதிர்ப்பக்கமாக ஏறும். நுனியை இரண்டு தடவை உள்ளே செருகி, மிச்சத்தை நறுக்கிவிடுவது கடைப் பழக்கம். உலகத்தில் இப்படி முடிச்சுப் போடுகிற ஆள் ஒருத்திதான். முடிச்சின் மடிப்புக்குள் தூசி ஏறி இறுகிக் கிடந்தது.

மேலே டாக்டர் உற்சாகமாகக் கேட்டார்: “கடைசியா எப்பம்மா கடலுக்குப் போச்சு இது?”

போன மாசம் வரைக்கும் வாராவாரம் போவார். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவள் போட்ட முடிச்சு அவிழவே இல்லையே!

பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை. நேராகப் பத்தவைப்பைப் பார்த்தாள்.

“நீ சொல்லு. கடைசியா எப்ப போச்சு?”

“அண்ணி... எனக்கு ஒரு கேட் வேலை நிக்குது. போயிட்டு அப்புறமா...”

“ஊர்க்கதையெல்லாம் சொல்றவன்தானே. இதையும் சொல்லேன்.”

“என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார் அண்ணி.”

“வாங்கினவரே இல்ல. யாருக்காகய்யா காப்பாத்தற? சொல்லு.”

பத்தவைப்பு தன் கறுத்த கையுறைகளைக் கழற்றினான். ஒன்றோடொன்று அடித்துத் தூசி தட்டினான். டாக்டர் ஏதோ புரிந்தவராக, ஷூவின் சத்தம் கேட்காமல் மெல்லப் பலகைக்கு இறங்கி, தள்ளிப் போய்த் தண்ணீரைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

“அன்னைக்குத்தான் அண்ணி கடைசி. அண்ணன் தோள் உடைஞ்ச அன்னைக்கு. அதுக்கப்புறம் இந்தப் படகு கடலுக்குப் போகவே இல்ல.”

“பொய். வாராவாரம் போவார். வந்து காத்து நல்லா இருந்துச்சுன்னு சொல்வார்.”

“சொல்வார். சாயங்காலம் கிளம்பறப்ப என்கிட்ட கேப்பார். ‘டேய், இன்னைக்கு வெளிய காத்து எப்படிடா இருந்துச்சு? வீட்ல கேப்பா’ன்னு. நான் படகுக்காரங்ககிட்ட விசாரிச்சு வச்சிருப்பேன். ஏண்ணே பொய் சொல்றீங்கன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். ‘நான் போறதில்லைன்னு தெரிஞ்சா, தன்னாலதான்னு நினைச்சு உக்காந்து அழுவாடா’ன்னார்.”

அவள் பையை விடவில்லை. உள்ளே பாய், மடித்த மடிப்புக் கலையாமல், அவள் கைகளுக்குள் கனத்தது.

“அப்ப அத்தனை ஞாயித்துக்கிழமையும் இங்க என்னதான் செஞ்சார்?”

பத்தவைப்பு பாய்மரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

“படகைக் கொட்டகைக்கு வெளிய இழுத்து நிறுத்துவார். மரத்தைப் பாதி ஏத்துவார். அப்புறம் கையை விட்டுடுவார். நிக்குதான்னு பாப்பார். மறுபடி இறக்கி, மறுபடி ஏத்தி, மறுபடி விடுவார். பொழுது சாயற வரைக்கும் இதே வேலை. கைப்பிடி உயரத்தை மட்டும் எத்தனை தடவை மாத்திப் பத்தவைக்கச் சொன்னார் தெரியுமா? ‘அதான் நிக்குதேண்ணே, இன்னும் என்ன சோதனை’ன்னு நான் சலிச்சுக்குவேன். ‘எனக்கு நின்னா போதாதுடா’ம்பார். ‘ஒரு நாள் அவ வருவா. அவ வந்து கையை விட்டாலும் விழக் கூடாது’ம்பார்.”